தமிழ் அட்டவணைகளை லேடெக்கில் தெளிவாக அமைத்தல்

தமிழில் அச்சாகும் அட்டவணைகளில் பெரும்பாலானவை கட்டம் போட்டவை. ஒவ்வொரு கலத்தின் நான்கு பக்கத்திலும் ஒரே தடிப்பில் கோடு ஓடும். தலைப்பு நிரை எது, தரவு எது, கூட்டுத்தொகை எது என்பதை அந்தக் கோடுகள் சொல்வதில்லை. இலத்தீன் எழுத்தில் அமைந்த அட்டவணைக்கு இது அழகுக் குறைவு. தமிழ் அட்டவணைக்கு இது வாசிப்பையே கெடுக்கும் குறை. மெய்யெழுத்தின் குற்றும் இகர ஈகார விசிறிகளும் எழுத்தின் தலைக்கு மேலே நிற்பதால், நெருங்கி வரும் கிடைக்கோடு அவற்றைத் தொட்டு விழுங்கிவிடுகிறது. அப்போது ‘க்’ என்பது ‘க’ ஆகிறது. பு, சு, வு ஆகியவற்றின் கீழ்ப்பகுதி அடுத்த கோட்டில் போய் முட்டுகிறது. நிலைக்குத்துக் கோடோ, சொல்லின் ஈற்றில் நிற்கும் அரவோடும் ரகரத்தின் காலோடும் சேர்ந்து, இன்னோர் எழுத்துப் போலத் தோன்றுகிறது.

கொழும்பில் பல்கலைக்கழக ஆய்வேட்டையோ நிறுவனமொன்றின் ஆண்டறிக்கையையோ தமிழில் லேடெக் என்னும் அச்சமைப்பு மென்பொருளைக் கொண்டு தயாரிப்போருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஆவணமொன்றைத் தொடங்கவும், பொதிகளைச் சேர்க்கவும், டாபுலார் சூழலில் எளிய அட்டவணை போடவும் உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். தட்டச்சிடும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில், முன்னால் பின்சாய்வுக்கோட்டுடன் இட வேண்டும்.

எழுத்துரு முதலில்

டொனால்ட் நூத் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கிய டெக் மென்பொருளும், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டிய லேடெக்கும் தமிழை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே பழைய பிடிஎஃப்லேடெக் இயந்திரத்தை விட்டுவிட்டு, ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் இயந்திரத்தைப் பயன்படுத்துங்கள். ஃபாண்ட்ஸ்பெக் பொதியின் மூலம் எழுத்துருவை அழைக்கும்போது ‘ஸ்கிரிப்ட்’ என்ற தெரிவுக்குத் ‘தமிழ்’ என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். லுவாலேடெக்கில் இதனுடன் ‘ரெண்டரர்’ என்ற தெரிவுக்கு ‘ஹார்ஃப்பஸ்’ என்றும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ‘கெ’ போன்ற எழுத்துகளில் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நின்றுவிடும். பந்தியில் அப்பிழை உடனே கண்ணில் படும். இரண்டு மூன்று சொற்களே உள்ள கலங்களில் எளிதில் தப்பிவிடும்.

நோட்டோ செரிஃப் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. தடித்த வடிவமும் அதற்கு உண்டு. அட்டவணையில் 9 புள்ளி அளவுக்குக் கீழே போகாதிருப்பது நல்லது. ‘ணை’, ‘னை’, ‘ஞ’ போன்ற சுழிகள் மிகுந்த எழுத்துகள் அதற்குக் கீழே அடைபட்டுக் கருமையாகிவிடுகின்றன. அதே காரணத்தால் தடித்த எழுத்தைத் தலைப்பு நிரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சாய்வெழுத்தைத் தமிழில் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் கருத்து: பல எழுத்துருக்களில் அதற்கென வரையப்பட்ட வடிவம் இல்லை, கணினி நேரெழுத்தைச் சரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

அட்டவணை என்ன சொல்ல வேண்டும்

கோட்டையும் இடைவெளியையும் தொடுவதற்கு முன்னர், வாசகர் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதைத் தீர்மானியுங்கள். கண் எண்களை மேலிருந்து கீழாக எளிதில் ஒப்பிடும். இடமிருந்து வலமாக ஒப்பிடத் திணறும். எனவே ஒப்பிட வேண்டிய எண்கள் ஒரே நிரலில் அமைய வேண்டும்.

மேல் மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி கொழும்பு மாவட்டத்தின் குடித்தொகை 2,324,349, கம்பஹாவினது 2,304,833, களுத்துறையினது 1,221,948, மாகாணம் முழுவதும் 5,851,130. பரப்பளவு முறையே 699, 1,387, 1,598 சதுர கிலோமீற்றர், மொத்தம் 3,684. மூன்று மாவட்டங்களையும் நிரைகளாகவும், குடித்தொகையையும் பரப்பளவையும் நிரல்களாகவும் வைத்தால், குடித்தொகை கீழே போகப் போகக் குறைவதும் பரப்பளவு கூடுவதும் ஒரே பார்வையில் தெரிகின்றன. மாறாக மாவட்டங்களை நிரல்களாக வைத்தால் இதே எண்கள் வாய்பேசாமல் கிடக்கும். இன்னொரு படி மேலே போய், மாகாணத்தில் ஒவ்வொரு மாவட்டத்தின் பங்கையும் சதவீதமாகச் சேர்த்தால், பரப்பளவில் 19.0 சதவீதமே உள்ள கொழும்பில் மக்களில் 39.7 சதவீதத்தினர் வாழ்வது வெளிப்படுகிறது. அட்டவணை சொல்ல வந்த செய்தி அதுவானால், இரண்டு சதவீத நிரல்களும் அருகருகே நிற்க வேண்டும். மூல எண்களை அவற்றுக்கு இடப்பக்கம் தள்ளிவிடலாம்.

நிரைகளின் ஒழுங்கும் ஒரு தீர்மானந்தான். அகர வரிசை, ஒரு சொல்லைத் தேடி வரும் வாசகருக்கு உதவும். 25 மாவட்டங்களையும் கொண்ட அட்டவணையில், தொகைமதிப்பு வெளியீடுகள் பின்பற்றும் மாகாண வரிசையை வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். கூடியது குறைந்தது என்று காட்டுவதே நோக்கமானால் எண்ணின்படி அடுக்குங்கள். தட்டச்சிட்டவர் கைக்கு வந்த வரிசையை அப்படியே விட்டுவிடுவது மட்டும் கூடாது.

கோடுகள்

இதற்கு வேண்டிய பொதி புக்டாப்ஸ். சைமன் ஃபியர் எழுதிய இப்பொதியின் கையேடு இரண்டு விதிகளை முன்வைக்கிறது: நிலைக்குத்துக் கோடு ஒருபோதும் வேண்டாம், இரட்டைக் கோடு ஒருபோதும் வேண்டாம். முதலில் கேட்கும்போது இது பிடிவாதமாகத் தோன்றும். மேலே சொன்ன அரவுக் குழப்பத்தை நினைத்தால், தமிழுக்கு இவ்விதி இரட்டிப்பாகப் பொருந்துகிறது.

கிடைக்கோடு போடும் எச்லைன் கட்டளைகளை எல்லாம் நீக்கிவிட்டு, அட்டவணையின் உச்சியில் டாப்ரூல், தலைப்பு நிரைக்குக் கீழே மிட்ரூல், இறுதியில் பாட்டம்ரூல் என மூன்று கோடுகளை மட்டும் இடுங்கள். உச்சிக்கோடும் அடிக்கோடும் இயல்பாக 0.08 எம் தடிப்புடையவை, இடைக்கோடு 0.05 எம் (எம் என்பது எழுத்தின் அளவோடு மாறும் நீள அலகு). 10 புள்ளி எழுத்தில் இவை 0.8, 0.5 புள்ளி ஆகின்றன. சாதாரண எச்லைன் எங்கும் ஒரே 0.4 புள்ளியாக இருப்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்: தடித்த கோடு அட்டவணையின் எல்லையைக் காட்டுகிறது, மெல்லிய கோடு அதன் உட்பிரிவைக் காட்டுகிறது. கூட்டுத்தொகை நிரைக்கு மேலே இன்னொரு மிட்ரூல் போடலாம். தரவு நிரைகளுக்கு இடையே ஒன்றும் வேண்டாம். நிரைகள் மிகுந்தால், மாகாணத்துக்கு மாகாணம் ஆட்லைன்ஸ்பேஸ் கட்டளையால் சிறிது வெளி விட்டாலே கண் வழி தவறாது.

‘குடித்தொகை’ என்ற பொதுத் தலைப்பின் கீழ் ‘எண்ணிக்கை’, ‘சதவீதம்’ என இரு நிரல்கள் வருமானால், பொதுத் தலைப்பை மல்டிகாலம் கொண்டு இரண்டின் மேலும் பரப்பி, அதன் கீழே சிமிட்ரூல் என்னும் குறுங்கோட்டை இடுங்கள். அருகருகே இரண்டு குறுங்கோடுகள் வரும்போது அவை ஒட்டி ஒரே கோடாகிவிடாமல், இரு முனைகளையும் நறுக்கும் தெரிவைச் சேர்க்க மறக்கக்கூடாது. எக்கோடு எந்தத் தலைப்புக்குரியது என்பதைக் காட்டுவது அந்தச் சிறு இடைவெளிதான்.

புக்டாப்ஸ் கோடுகளுக்கு மேலும் கீழும் தானாகவே வெளி விடுகிறது. நிலைக்குத்துக் கோடுகளை அப்படியே வைத்துக்கொண்டு இப்பொதியைச் சேர்ப்பவர்களின் அட்டவணையில் அவை ஆங்காங்கே அறுந்து தெரிவதற்கு இதுவே காரணம். அது பொதியின் பழுதன்று. ஆனால் அந்த வெளி ஆங்கில எழுத்தை நோக்கி அளவிடப்பட்டது. தமிழுக்குக் கோட்டின் கீழுள்ள வெளியை, அதாவது பிலோரூல்செப் என்ற நீளத்தை, 5 புள்ளி வரை கூட்டுவது நல்லது. அத்துடன் நிரைகளின் உயரத்தைப் பெருக்கும் அரேஸ்ட்ரெச் மதிப்பை இயல்பான 1 இலிருந்து 1.25 அளவுக்கு உயர்த்துங்கள். எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும். சரியான அளவைக் கண்டுபிடிக்க ‘வீழ்ச்சி’ என்ற சொல்லை ஒரு நிரையிலும், ‘புழு’ என்ற சொல்லை அதற்கு மேல் நிரையிலும் இட்டுப் பாருங்கள். விசிறியின் சுழியும் ழுகரத்தின் அடியும் ஒன்றையொன்று நெருங்காத அளவே போதுமான அளவு.

நிரைக்கு நிரை மாறி மாறிச் சாம்பல் நிறம் பூசும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். திரையில் அது அழகாகவே இருக்கும். ஆய்வேடுகள் போட்டோகொப்பிக் கடை வழியாகவே கைமாறும் நாட்டில், மூன்றாவது பிரதியில் அந்தச் சாம்பல் அழுக்காக மாறி எண்களை மூடிவிடும். புக்டாப்ஸ் விடும் வெளிகளில் நிறம் பரவாமல் வெள்ளைப் பட்டைகள் தெரிவதும் உண்டு.

எண்கள்

சொற்களை இடப்பக்கமாகவும் எண்களை வலப்பக்கமாகவும் நேர்படுத்துவது அடிப்படை. எண்களை நடுவில் வைப்பது தமிழ் அறிக்கைகளில் மிகப் பரவலான பழக்கம். அதைக் கைவிட வேண்டும். 699 என்பது 1,387 இன் நடுவில் மிதக்கும்போது எது நூறு, எது ஆயிரம் என்பதை வாசகர் இலக்கங்களை எண்ணித்தான் அறிய வேண்டியிருக்கும்.

தசமங்கள் வரும் இடத்தில் வலப்பக்கமாக நேர்படுத்துவதும் போதாது. ஜோசஃப் ரைட் எழுதிய சியூனிட்எக்ஸ் பொதி தரும் ‘எஸ்’ வகை நிரல், தசமப் புள்ளிகளை ஒரே செங்குத்தில் நிறுத்துகிறது. டேபிள்-ஃபார்மட் என்ற தெரிவில், புள்ளிக்கு முன் எத்தனை இலக்கம், பின் எத்தனை இலக்கம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சதவீத நிரலுக்கு 2.1 என்றும் குடித்தொகை நிரலுக்கு 7 என்றும் கொடுத்தால், தேவையான இடம் சரியாக ஒதுக்கப்படும். மூலக்கோப்பில் நிரைகளை இவ்வாறு காற்புள்ளி இல்லாமலே எழுதலாம்:

கொழும்பு & 2324349 & 39.7 & 699 & 19.0 \\
கம்பஹா & 2304833 & 39.4 & 1387 & 37.6 \\
களுத்துறை & 1221948 & 20.9 & 1598 & 43.4 \\

காற்புள்ளியைப் பொதியே இட்டுக்கொள்ளும். ஆனால் அதற்கு மூன்று தெரிவுகளை நீங்கள் மாற்ற வேண்டும். இயல்பில் அது இலக்கத் தொகுதிகளைச் சிறு வெளியால் பிரிக்கிறது. குரூப்-செபரேட்டர் தெரிவில் காற்புள்ளியைக் கொடுங்கள். இயல்பில் அது நான்கு இலக்க எண்களைப் பிரிப்பதில்லை. குரூப்-மினிமம்-டிஜிட்ஸ் தெரிவை 4 ஆக்குங்கள், இல்லையேல் பரப்பளவு நிரல் குடித்தொகை நிரலோடு ஒத்துப்போகாது. இயல்பில் அது எண்களைக் கணித எழுத்துருவில் அச்சிடுகிறது. மோட் தெரிவை ‘டெக்ஸ்ட்’ என மாற்றினால் பந்தியில் வரும் எண்களும் அட்டவணை எண்களும் ஒரே முகத்தோடு தோன்றும். தலைப்புகளை நெளிவடைப்புக்குள் இடவேண்டும் என்பதும் முக்கியம். அடைப்பின்றி விடப்பட்ட ‘சதவீதம்’ என்ற சொல்லை இப்பொதி எண்ணாக வாசிக்க முயன்று தடுமாறும்.

அலகு தலைப்பில் ஒருமுறை வந்தால் போதும். ஒவ்வொரு கலத்திலும் ‘ரூ.’ என்றோ ‘%’ என்றோ திரும்பத் திரும்ப எழுதுவது எண்ணை மறைக்கிறது. இலங்கை மத்திய வங்கியின் வெளியீடுகளில் ‘ரூபா மில்லியன்’ என்பதே வழக்கு. நம் பேச்சிலும் பத்திரிகைகளிலும் இலட்சமும் கோடியும் வாழ்கின்றன. இரண்டும் பிழையன்று. ஆனால் அட்டவணையில் மில்லியன் என்று வைத்துவிட்டு அதை விளக்கும் பந்தியில் கோடிக் கணக்கில் பேசினால், வாசகர் ஒவ்வொரு எண்ணையும் மனத்துக்குள் பத்தால் வகுத்துக்கொண்டிருப்பார். ஒன்றைத் தெரிவுசெய்து ஆவணம் முழுவதும் அதிலேயே நில்லுங்கள். தசம இடங்களும் அவ்வாறே: ஒரு நிரலுக்குள் 39.7 என்றும் 20.88 என்றும் கலந்து வரக்கூடாது.

வெற்றுக் கலம்

வெறுமையாக விடப்பட்ட கலம் மூன்று பொருள் தரும்: மதிப்பு பூச்சியம், தரவு கிடைக்கவில்லை, கேள்வியே பொருந்தாது. தட்டச்சிட மறந்துவிட்டார்கள் என்ற நான்காவது ஐயமும் எழும். இலங்கைத் தரவுகளில் இது வெறும் நுணுக்கப் பிரச்சினை அன்று. 2001ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு நாட்டின் 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக நடைபெற்றது; போர் காரணமாக வடக்கு, கிழக்கின் ஏனைய மாவட்டங்களில் முழுமையாகக் கணக்கெடுக்க முடியவில்லை. 1981, 2001, 2012 ஆண்டுகளை நிரல்களாகக் கொண்டு மாவட்டவாரி அட்டவணை போடுபவர், யாழ்ப்பாணத்தின் 2001 கலத்தை வெறுமையாக விட்டால் அந்த வரலாறு ஒரு வெள்ளை இடத்துக்குள் மறைந்துபோகும். அங்கு பூச்சியம் இடுவது பொய்யாகிவிடும்.

எனவே கிடைக்காத தரவுக்கு ஒரு சிறு கோட்டுக்குறியை நெளிவடைப்புக்குள் இட்டு, அதன் பொருளை அட்டவணையின் கீழே எழுதுங்கள். பூச்சியமாக இருப்பின் 0 என்றே அச்சிடுங்கள். ஒரு பகுதி மட்டும் கணக்கெடுக்கப்பட்ட மாவட்டத்தின் எண்ணுக்குத் தனிக் குறியும் தனிக் குறிப்பும் வேண்டும். அந்த நிரலின் அடியில் கூட்டுத்தொகை வருமானால், அது எத்தனை மாவட்டங்களின் கூட்டுத்தொகை என்பதை அங்கேயே சொல்லியாக வேண்டும். இக்குறிப்புகளுக்கு த்ரீபார்ட்டேபிள் பொதி பொருத்தமானது. பக்கத்தின் அடிக்குறிப்புகளோடு கலக்காமல், அட்டவணையின் அகலத்துக்குள்ளேயே குறிப்புகளை அடக்கிவிடும்.

அகலம்

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். கட்டுவதற்காக இடப்பக்கம் 40, வலப்பக்கம் 25 என்று ஓரம் விட்டால் எழுத்துக்கு 145 மில்லிமீற்றர் எஞ்சும். 2,324,349 போன்ற ஏழு இலக்க எண் 10 புள்ளியில் ஏறத்தாழ 14 மில்லிமீற்றரையே எடுத்துக்கொள்கிறது. அப்படியிருக்க அட்டவணை ஓரத்தைத் தாண்டி ஓடுவது ஏன்? பெரும்பாலும் தலைப்புச் சொற்களால். ‘கணக்கெடுக்கப்பட்ட குடித்தொகை’ என்று ஒரே வரியில் எழுதினால் அந்த ஒரு நிரலே மூன்று நிரல்களின் இடத்தை விழுங்கிவிடும். மேக்செல் பொதியின் டிஹெட் கட்டளையால் தலைப்பை இரண்டு வரிகளாக உடையுங்கள். உடைக்கும் இடத்தை நீங்களே தெரிவுசெய்து, சொற்களுக்கு இடையே உடையுங்கள். தலைப்பை 90 பாகை திருப்பி நிறுத்துவது இடத்தைச் சேமிக்கும். ஆனால் கழுத்தைச் சாய்த்துத் தமிழ் வாசிப்பதை யாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

சொற்கள் நிறைந்த நிரல்களுக்கு டாபுலார்எக்ஸ் பொதியின் ‘எக்ஸ்’ நிரல் உதவும். மொத்த அகலத்தைச் சொன்னால் மீதியை அது பகிர்ந்துகொள்ளும். அது உரையை இரு ஓரமும் சமமாக நிரவ முயல்கிறது. நீண்ட தமிழ்ச் சொற்கள் குறுகிய நிரலில் அவ்வாறு நிரவப்படும்போது சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும். ஆகவே நிரல் வரையறையின் முன்னே ராகெட்ரைட் கட்டளையைச் சேர்த்து, வலப்பக்கத்தை நிரவாமல் விடுங்கள். அதைத் தொடர்ந்து அரேபேக்ஸ்லாஷ் கட்டளையும் வரவேண்டும், இல்லையேல் நிரையை முடிக்கும் இரட்டைப் பின்சாய்வு வேலை செய்யாது. நிரல் வரையறையின் தொடக்கத்திலும் முடிவிலும் @{} இட்டால் இரு ஓரத்திலுமுள்ள 6 புள்ளி வெளி நீங்கி, கோடுகள் எழுத்தின் எல்லையோடு நேராக நிற்கும்.

ரீசைஸ்பாக்ஸ் கட்டளையால் முழு அட்டவணையையும் பக்க அகலத்துக்குச் சுருக்குவது மிக எளிது, செய்யாதீர்கள். 11 புள்ளி எழுத்து 70 சதவீதமாகச் சுருங்கினால் 7.7 புள்ளியாகும், அடுத்த அட்டவணை 85 சதவீதமாகச் சுருங்கியிருக்கும். ஒரே அறிக்கைக்குள் ஒவ்வோர் அட்டவணையும் ஒவ்வோர் அளவில் நிற்கும். தலைப்பைச் சுருக்குதல், தேவையற்ற நிரலை நீக்குதல், அட்டவணையை இரண்டாகப் பிரித்தல் ஆகிய எவையும் உதவாவிட்டால் பிடிஎஃப்எல்ஸ்கேப் பொதியால் அந்தப் பக்கத்தை மட்டும் கிடைப்பக்கமாகத் திருப்பிக்கொள்ளலாம்.

பெயர், பக்கம், மொழி

அட்டவணையின் பெயர் அதற்கு மேலே வருவது வழக்கம். ஆனால் லேடெக்கின் ஆர்ட்டிக்கிள் வகுப்பு, பெயருக்கு மேலே 10 புள்ளி வெளியும் கீழே பூச்சியமும் விடுகிறது. பெயர் கீழே வரும் என்ற எண்ணத்தில் அமைந்த அளவு அது. கேப்ஷன் பொதியைச் சேர்த்து, பெயர் மேலே வருகிறது என்று அறிவித்துவிட்டால் வெளி இடம் மாறும். நடுப்படுத்துவதற்கு சென்டர் சூழலைத் தவிர்த்து சென்டரிங் கட்டளையை இடுங்கள். முன்னையது மேலும் கீழும் தேவையற்ற வெளியைச் சேர்க்கும்.

ஒரு பக்கத்தில் அடங்காத அட்டவணைக்கு லாங்டேபிள் உண்டு. அதை டேபிள் சூழலுக்குள் இடக்கூடாது. பெயரும் லாங்டேபிளுக்கு உள்ளேயே வரவேண்டும். எண்ட்ஃபர்ஸ்ட்ஹெட், எண்ட்ஹெட் கட்டளைகளால் முதற்பக்கத் தலைப்பையும் தொடரும் பக்கங்களின் தலைப்பையும் தனித்தனியே அமைக்கலாம். தொடரும் பக்கங்களில் ‘தொடர்ச்சி’ என்று குறிப்பிடுவது வாசகருக்குச் செய்யும் சிறு உபகாரம். நிரல் அகலங்கள் நிலைபெற, கோப்பை இரண்டு மூன்று முறை இயக்க வேண்டியிருக்கும்.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே அட்டவணையில் வரவேண்டிய அறிக்கைகளில், மூன்று பெயர்களையும் சாய்கோடு இட்டு ஒரே கலத்துக்குள் திணிக்கும் பழக்கத்தை எங்கும் காணலாம். அதைவிட மொழிக்கொரு நிரலை இடப்பக்கம் ஒதுக்கி, எண்களை வலப்பக்கம் ஒருமுறை மட்டும் தருவது தெளிவானது. சிங்களத்துக்கு நோட்டோ செரிஃப் சிங்கள எழுத்துருவை அதற்குரிய ஸ்கிரிப்ட் மதிப்போடு தனியே அறிவியுங்கள். ஒரே 10 புள்ளியில் மூன்று எழுத்துகளும் ஒரே பருமனில் தோன்றாது. ஃபாண்ட்ஸ்பெக்கின் ஸ்கேல் தெரிவால் சிறிது சிறிதாக மாற்றி, எந்த மொழியும் மற்றதைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியாதவாறு சமப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இயக்கி முடித்தபின் பதிவுக்கோப்பில் ‘ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்’ என்று தொடங்கும் எச்சரிக்கைகளைத் தேடுங்கள். ஓரிரு புள்ளி மீறலைக் கண் காணாது. அதற்கு மேற்பட்டால் எந்த நிரல் வரையறை இடம் கேட்கிறது என்று பார்த்துத் திருத்துங்கள். பின்னர் அட்டவணை உள்ள பக்கத்தை, அச்சுப்பொறியின் ‘பக்கத்துக்குப் பொருத்து’ தெரிவை நீக்கிவிட்டு, உண்மையான அளவில் தாளில் எடுத்து, மிட்ரூல் கோட்டுக்கு அடுத்துள்ள நிரையில் குற்றுகளும் விசிறிகளும் முழுமையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பிலோரூல்செப் மதிப்பை இன்னும் ஒரு புள்ளி கூட்டுங்கள்.